துணியா, உலோகமா? கிளாரினெட் வித்வான்களின் தீராத வழக்கு!

கிளாரினெட் வாசிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் என்ன பேசுவார்கள்?

முதலில் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு வாத்தியத்தைப் பற்றிப் பேசுவார்கள். கடைசியில் ஒரு சிறிய பட்டையைப் பற்றி வாக்குவாதம் செய்வார்கள்!

அந்தப் பட்டை கிளாரினெட்டின் உச்சியில், விரலில் மோதிரம் மாட்டியது போல மாட்டியிருக்கும். அகலம் இரண்டு விரல் கூட இராது. "அது உலோகத்தில்தான் இருக்க வேண்டும்" என்பார் ஒருவர். "துணியில் இருந்தால்தான் நாதம் இனிக்கும்" என்பார் மற்றவர்.

இது வெறும் வாய்ச் சண்டை அல்ல. இதில் பணம் இருக்கிறது. பிள்ளைக்குக் கஷ்டப்பட்டுக் கிளாரினெட் வாங்கிக் கொடுத்த தகப்பனாரிடம், "இந்தப் பட்டை ஆகாது, வேறு வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் அவர் என்ன செய்வார்? கடன் வாங்கியாவது வாங்கத்தான் நினைப்பார்.

அந்தச் செலவு அவசியமா? துணிப் பட்டை நல்லதா, உலோகப் பட்டை நல்லதா? பார்க்கலாம்.

பாடுவது எது?

கிளாரினெட் சுமார் இரண்டு அடி நீளம் உள்ள குழல். அதன் உச்சியில் வாயில் வைத்து ஊதும் பகுதிக்கு "மவுத்பீஸ்" என்று பெயர். பெரும்பாலும் கெட்டி ரப்பரில் செய்திருப்பார்கள். பார்ப்பதற்குப் பறவையின் அலகு போல இருக்கும்.

அந்த அலகின் ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பின் மேல் ஒரு மெல்லிய தட்டையை வைத்து மூடுவார்கள். அதற்கு "ரீடு" என்று பெயர். அதுதான் கிளாரினெட்டின் நாக்கு.

இந்த ரீடு ஒரு வகைப் பெரிய நாணலில் இருந்து கிடைக்கிறது. பிரான்சு நாட்டின் தென் பகுதியில் உள்ள வார் மாவட்டம் இந்த நாணலுக்குப் பேர் போனது. நாணலை வெட்டிக் காய வைத்துப் பிளந்து சீவுவார்கள். நுனி வரவர மெல்லியதாகி, முடிவில் ஒரு காகிதத்தின் கனம்தான் இருக்கும்.

இந்த நாக்கு நகராமல் மவுத்பீசோடு பிடித்துக் கட்டுகிறதே, அதுதான் வழக்குக்குக் காரணமான பட்டை. ஆங்கிலத்தில் "லிகேச்சர்" என்பார்கள். லத்தீன் மொழியில் "கட்டுதல்" என்ற பொருள் உள்ள சொல்லில் இருந்து வந்த பெயர் இது. நாமும் "கட்டு" என்றே சொல்லலாம்.

விநாடிக்கு 440 தடவை!

ஊதும்போது உள்ளே நடப்பது அதிசயமான விஷயம்.

ரீடின் நுனிக்கும் மவுத்பீசின் நுனிக்கும் இடையே சுமார் 1 மில்லிமீட்டர் சந்து இருக்கிறது. மூச்சு அந்தச் சந்தின் வழியே பாயும்போது ரீடு துடிக்கிறது. சந்து மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது.

மேல்நாட்டு இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் ஒரு சுவரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வுகள். அந்தச் சுவரத்தைக் கிளாரினெட் ஊதும்போது, ரீடு ஒரு விநாடிக்கு 440 தடவை துடிக்கிறது! கண் இமைக்கும் நேரத்துக்குள் எத்தனையோ முறை அந்தச் சிறிய கதவு திறந்து மூடிவிடுகிறது.

துடிப்பது ரீடின் மெல்லிய முன் பகுதி. அதன் தடித்த அடிப்பகுதி அசையாமல் மவுத்பீசோடு ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இருக்கச் செய்வதே கட்டின் வேலை.

கட்டு தளர்ந்தால் ரீடு நகரும், மூச்சு கசியும், "கீச்" என்று சத்தம் வரும். அளவுக்கு மீறி இறுகினால் ரீடு வளையும், நாதம் நெரியும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியில் நடப்பது போலத்தான் இதுவும். விட்டுவிடவும் கூடாது, வலிக்கும்படி பிடிக்கவும் கூடாது.

நூல் கட்டிய காலம்

ஜெர்மனியில் நூரம்பர்க் என்ற நகரம் உண்டு. அங்கே யோகான் கிறிஸ்டோப் டென்னர் என்று ஒரு வாத்தியக் கைவினைஞர் இருந்தார். அவருடைய பட்டறையில் சுமார் 1700-ம் ஆண்டில் கிளாரினெட் பிறந்தது.

அப்போது துணிப் பட்டையும் கிடையாது. உலோகப் பட்டையும் கிடையாது. சாதாரண நூல்தான்! ரீடை வைத்து நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினார்கள்.

இசை மேதை மோசார்ட் 1791-ம் ஆண்டில், தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு கிளாரினெட் இசைக்கோவை எழுதி முடித்தார். தம் நண்பர் அன்டோன் ஸ்டாட்லர் என்ற வித்வானுக்காக எழுதியது அது. இன்றும் உலகமெங்கும் கிளாரினெட் வித்வான்கள் அதை வாசிக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரீடைப் பிடித்துக்கொண்டிருந்தது நூல்தான்!

அந்த வழக்கம் இன்னும் மறையவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரிய இசைக்குழுக்களில் வாசிக்கும் வித்வான்கள் பலர் இப்போதும் நூலால்தான் கட்டுகிறார்கள். நூல் வழுக்காமல் இருக்க அவர்களுடைய மவுத்பீசில் மெல்லிய வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஜெர்மன் மொழியில் அந்த நூலுக்கு "இலைக் கயிறு" என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. ரீடை அவர்கள் "இலை" என்கிறார்கள்!

நம் நாகசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாடுவது நாணலில் செய்த சீவாளிதான். அதன் அடிப்பாகத்தையும் நூலால்தான் சுற்றிக் கட்டுகிறார்கள். கடல் கடந்த இரண்டு தேசங்களில், நாணலும் நூலும் சேர்ந்தே நாதம் கொடுத்திருக்கின்றன.

திருகாணி வந்தது

நூல் கட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. நேரம் பிடிக்கும். கச்சேரி நடுவே ரீடு கெட்டுவிட்டால், நூலை அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும். அதற்குள் பாட்டு முடிந்துவிடும்!

இதற்கு வழி கண்டவர் என்று இவான் முல்லர் என்பவரைச் சொல்கிறார்கள். அவர் 1786-ல் பிறந்தவர். பிறந்த ஊர், இன்று எஸ்டோனியா நாட்டின் தலைநகராக இருக்கும் தாலின்.

முல்லர் கிளாரினெட்டையே மாற்றி அமைத்தார். 13 சாவிகள் வைத்துப் புது வாத்தியம் செய்து, பாரிஸ் நகருக்குக் கொண்டு போனார். அங்கே சங்கீதக் கல்லூரியின் நிபுணர் குழு 1812-ல் அதைப் பரிசோதித்தது. "வேண்டாம்" என்று தள்ளிவிட்டது! ஆனால் வாசிப்பவர்கள் அதைக் கைவிடவில்லை. நாளடைவில் அவர் காட்டிய வழியே பரவியது.

அவர் புகுத்திய மாறுதல்களில் ஒன்றுதான் திருகாணி வைத்த உலோகக் கட்டு. நூலுக்குப் பதில் மெல்லிய உலோகப் பட்டை; இறுக்குவதற்கு இரண்டு திருகாணிகள். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக்குள் ரீடை மாற்றிவிடலாம். இன்றும் புதிய கிளாரினெட் வாங்கினால், பெரும்பாலும் இந்த மாதிரிக் கட்டுதான் அதனுடனேயே கிடைக்கிறது.

துணி வந்தது

பிறகு உலோகக் கட்டிலேயே பல மாதிரிகள் வந்தன. பிலடெல்பியா இசைக்குழுவில் முதன்மைக் கிளாரினெட் வித்வானாக இருந்த டானியல் பொனாட் பெயரால் ஒரு கட்டு பிரபலமானது. அதில் திருகாணிகள் ரீடின் பக்கம் இல்லாமல், எதிர்ப் பக்கம் இருக்கும். இரண்டு மெல்லிய கம்பி போன்ற மேடுகள் மட்டும் ரீடைத் தொடும். "தொடும் இடம் குறைந்தால் ரீடு தாராளமாகத் துடிக்கும்" என்பது அதன் தத்துவம்.

1970-களில் அமெரிக்காவில் பிலிப் ரோவ்னர் என்பவர் உலோகத்தை விட்டு வேறு வழியில் போனார். ரப்பர் சேர்த்த துணியில் கட்டு செய்தார். திருகாணி ஒன்றே ஒன்று. ரீடைச் சுற்றிலும் துணி மெத்தென்று அணைத்துக்கொள்ளும். அது வாசிப்பவர்களிடையே வேகமாகப் பரவியது.

பாரிசில் 1905-ல் தொடங்கிய வண்டோரன் கம்பெனி, இன்று எல்லா ரகமும் செய்கிறது. உலோகக் கட்டும் உண்டு. தோல் கட்டும் உண்டு. பழைய நூல் கட்டைப் போலவே, பின்னிய கயிற்றில் செய்த கட்டும் உண்டு. அதன் உலோகக் கட்டு ஒன்றில், ரீடை அழுத்தும் தகடு மூன்று விதமாகக் கொடுக்கிறார்கள். விருப்பம் போல மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, நூலில் தொடங்கி, உலோகத்துக்குப் போய், மறுபடி நூலுக்கும் துணிக்கும் வந்திருக்கிறது கதை!

உலோகக் கட்டு எப்படி?

உலோகக் கட்டுக்கு ஆதரவாகச் சொல்வது இது: நாதம் கணீர் என்று தெளிவாக இருக்கும், தூரத்துக்குக் கேட்கும், சுவரம் சட்டென்று பிறக்கும்.

உறுதியாகப் பிடிக்கும். பல ஆண்டுகள் உழைக்கும். ஈரத்தில் ஊறாது. துடைத்து வைத்தால் போதும்.

குறைகளும் உண்டு. கீழே விழுந்தாலோ, பெட்டியில் நசுங்கினாலோ வளைந்துவிடும். வளைந்த கட்டு ரீடை ஒரு பக்கம் அழுத்தி, மறு பக்கம் விட்டுவிடும். திருகாணிகள் இரண்டு என்பதால், ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் முறுக்கிவிடுவது சுலபம். மலிவான கட்டுகளில் திருகாணியின் மரை சீக்கிரம் தேய்ந்துபோகும். விளிம்பு கூராக இருந்தால் ரீடில் தழும்பு விழும்.

துணிக் கட்டு எப்படி?

துணிக் கட்டுக்கு ஆதரவாகச் சொல்வது இது: துணி, கூர்மையான ஓசைகளைச் சற்று விழுங்கிவிடும், நாதம் கனிந்து, மென்மையாக வரும்.

திருகாணி ஒன்றே என்பதால் மாட்டுவது எளிது. ரீடுக்குத் தழும்பு விழாது. கீழே விழுந்தாலும் வளையாது. மவுத்பீசின் பருமன் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளின் கைக்கு ஏற்றது.

இதிலும் குறைகள் உண்டு. நாளாக ஆகத் துணி நெகிழும். எச்சில் ஈரம் ஊறும். துடைத்துக் காய வைக்காவிட்டால் நாற்றம் வரும். துணி தடிப்பாக இருப்பதால், உலோகக் கட்டுக்கென்று கொடுத்த மூடி பல சமயம் அதன் மேல் ஏறாது. மூடி இல்லாமல் பெட்டியில் வைத்தால், ரீடின் நுனி உடையலாம். எனவே துணிக் கட்டு வாங்குபவர்கள், மூடியையும் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

கேட்பவருக்குத் தெரியுமா?

இதுதான் முக்கியமான கேள்வி.

வாசிப்பவர், "ரொம்ப வித்தியாசம்!" என்கிறார். பக்கத்து அறையில் இருக்கும் மனைவியைக் கேட்டால், "ஒன்றும் தெரியவில்லையே!" என்கிறார். யார் சொல்வது உண்மை?

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்!

கிளாரினெட் வாசிப்பவர் தம் மேற்பற்களை மவுத்பீசின் மேல் வைத்திருக்கிறார். அதன் அதிர்வு பற்கள் வழியாக மண்டை எலும்புக்குப் போகிறது. அவர் காதால் மட்டும் கேட்கவில்லை, எலும்பாலும் கேட்கிறார்! கட்டை மாற்றியதால் ஏற்படும் சிறு மாறுதல் அவருக்குப் பெரிதாகத் தெரியலாம். பத்தடி தள்ளி இருப்பவருக்கு அது எட்டாமலே போகலாம்.

அதற்காக அந்த மாறுதல் பொய் என்று சொல்ல முடியாது. ரீடு லேசாகப் பேசுகிறது என்று தோன்றினால், வாசிப்பவருக்குத் தைரியம் வருகிறது. தைரியம் வந்தால் வாசிப்பும் நன்றாக அமைகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாதத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை ரீடும், மவுத்பீசும், வாசிப்பவரின் மூச்சும் உதடுமே. கட்டு அவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது. மோசமான ரீடை எந்தக் கட்டும் பாட வைக்காது.

பிள்ளை மேல் குற்றம் இல்லை

புதிதாகப் பழகும் பிள்ளையின் கிளாரினெட்டில் "கீச், கீச்" என்று சத்தம் வருகிறது. வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். "இவனுக்குச் சங்கீதம் வராது" என்று பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். பிள்ளை வாத்தியத்தைப் பரண் மேல் போட்டுவிடுகிறான்.

அந்தத் தீர்ப்புக்கு முன் ஒரு முறை கட்டைப் பார்த்திருக்கலாமே!

ரீடு கோணலாக இருந்தாலும் கீச்சிடும். நுனி உடைந்திருந்தாலும் கீச்சிடும். கட்டு தளர்ந்திருந்தாலும் சரியாகப் பேசாது. இவற்றைச் சரி செய்யக் காசு செலவு இல்லை. சரி செய்த பிறகும் கீச்சிட்டால், விரலையும் உதட்டையும் ஆசிரியர் திருத்திக்கொள்வார்.

மாட்டும் முறை

ரீடின் நுனியை வாயில் வைத்து நனைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கட்டை மவுத்பீசில் தளர்வாக மாட்ட வேண்டும். பிறகுதான் ரீடை மேலிருந்து கட்டுக்குள் செருக வேண்டும். ரீடை வைத்துவிட்டுக் கட்டை மாட்டினால், நுனியில் இடித்து உடைந்துவிடும்.

ரீடு நடு நேராக இருக்க வேண்டும். அதன் நுனியும் மவுத்பீசின் நுனியும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு மயிரிழை கறுப்பு தெரிந்தால் போதும்.

கட்டு, ரீடின் சீவிய பகுதியின் மேல் ஏறக் கூடாது. தடித்த பகுதியின் மேல்தான் இருக்க வேண்டும். பல மவுத்பீசுகளில் இதற்காக இரண்டு கோடுகள் போட்டிருக்கும். கட்டு அந்தக் கோடுகளுக்குள் நிற்கட்டும்.

இரண்டு திருகாணி உள்ள கட்டானால், கீழே உள்ளதை அசையாத அளவுக்கு முறுக்கினால் போதும். மேலே உள்ளதை அதைவிடச் சற்றுத் தளர்வாக விடலாம். பலத்தைக் காட்ட இது இடம் அல்ல!

கச்சேரிக்கு நடுவே திருகாணி மரை தேய்ந்துபோனால் கலங்க வேண்டாம். கெட்டியான நூல் இருந்தால் போதும். ரீடின் அடிப்பகுதியில் வரிசை வரிசையாக, நெருக்கமாக இழுத்துச் சுற்றி, நுனியைச் செருகிவிட்டால் வேலை நடக்கும். மோசார்ட் காலத்து முறைதானே அது!

சோதித்து வாங்குங்கள்

இரண்டு கட்டுகளில் எது நல்லது என்று தெரிய வேண்டுமா? எளிய சோதனை ஒன்று உண்டு.

மவுத்பீஸ் ஒன்றே, ரீடும் ஒன்றே, வாசிக்கும் பாட்டும் ஒன்றே. கட்டை மட்டும் மாற்ற வேண்டும். நண்பர் ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்க வேண்டும். எந்தக் கட்டு என்று அவருக்குச் சொல்லக் கூடாது. முன் பின்னாக மாற்றி மாற்றிப் பத்துத் தடவை வாசித்து, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறு நாளும் அதே போலச் செய்ய வேண்டும். ஏனென்றால் நாணல் ஈரத்துக்கும் வெயிலுக்கும் மாறுவது. நேற்றுப் பாடிய ரீடு இன்று முரண்டு பண்ணும். அந்தப் பழியைக் கட்டின் மேல் போட்டுவிடக் கூடாது.

இரண்டு நாளும் நண்பர் ஒன்றையே பொறுக்கி எடுத்தால், அதை வாங்கலாம். மாற்றி மாற்றிச் சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்!

யாருக்கு எது?

புதிதாகப் பழகும் பிள்ளைக்கு, வாத்தியத்தோடு வந்த உலோகக் கட்டே போதும். அது வளையாமலும், திருகாணி சரியாகவும் இருந்தால் சரி. கையில் பணம் இருந்தால் நல்ல ரீடுகள் வாங்கலாம். ரீடுகள் பத்து அடங்கிய பெட்டியாகக் கிடைக்கின்றன. விலை உயர்ந்த கட்டு ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில், பல மாதத்துக்கு வேண்டிய ரீடுகளை வாங்கிவிடலாம். பழகும் பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி.

அந்த உலோகக் கட்டு கெட்டுவிட்டால், பழுது பார்ப்பதைவிட எளிய துணிக் கட்டு ஒன்று வாங்குவது நல்லது. சிறுவர்கள் கையில் அது அதிக நாள் தாங்கும்.

கல்யாண ஊர்வலத்திலும் திறந்த வெளியிலும் பாண்டு வாத்தியத்தில் வாசிப்பவர்களுக்கு, நாதம் தூரத்துக்குப் போக வேண்டும். அவர்களில் உலோகத்தை விரும்புகிறவர்கள் உண்டு. சிறிய அரங்கில், வீட்டில், மென்மையாக வாசிப்பவர்களில் துணியை விரும்புகிறவர்கள் உண்டு.

நம் கர்நாடக சங்கீதத்துக்கும் கிளாரினெட் அந்நியம் அல்ல. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் இந்த மேல்நாட்டு வாத்தியத்திலேயே ராகங்களைக் குழைத்து வாசித்துப் பெரும் புகழ் பெற்றார். 2008-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கமகம் நிறைந்த நம் சங்கீதத்தை வாசிப்பவர்களுக்கு உதட்டின் வேலை அதிகம். எந்தக் கட்டானாலும், அது ரீடை அசையவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதுவே அவர்களுக்கு முக்கியம்.

துணியா, உலோகமா என்ற வழக்கு இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். வித்வான்கள் வாதாடட்டும். அதில் தவறு இல்லை.

வீட்டில் பிள்ளை பழகிக்கொண்டிருந்தால், பெற்றோர் பார்க்க வேண்டியது இரண்டுதான். ரீடு நேராக இருக்கிறதா? கட்டு அளவாகப் பிடித்திருக்கிறதா? இரண்டும் சரி என்றால், புதுச் செலவு எதுவும் வேண்டாம். பிள்ளை ஊதட்டும். தினம் ஊதட்டும். மற்றதைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும்!